றிச்சட் புரொக்ரரும் சுயாதீன விஞ்ஞான எழுத்துத் தொழிலும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கண்டுபிடிப்பாளரையும் அவர்தம் ஆய்வுகூடங்களையும் கழகங்களையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். அக்கண்டுபிடிப்புக்களைப் பொது வாசகருக்கு எடுத்துரைத்து, அவ்வாறு எடுத்துரைத்ததற்குக் கிடைத்த கூலியை நம்பியே குடும்பம் நடத்தியோரைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. பல்கலைக்கழகத்திலோ, அரசாங்க வானாய்வு நிலையத்திலோ, ஒரு பத்திரிகையின் நிரந்தர ஆசிரியர் குழுவிலோ சம்பளம் பெறாது, கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, விரிவுரைக்கு இவ்வளவு எனப் பெற்று வாழும் ஒருவரைச் சுயாதீன விஞ்ஞானப் பத்திரிகையாளர் என்று இன்று நாம் குறிப்பிடுகிறோம். இத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலே தெளிவான உருவம் பெற்றது. அதனை முழுநேரத் தொழிலாக நடத்தியோருள் முதன்மையானவர் றிச்சட் அந்தனி புரொக்ரர் (1837 - 1888) எனலாம். எவரிடமும் சம்பளம் பெறாத அவருக்கு வாய்த்த பேச்சுரிமை எத்தகையது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்னும் இரண்டையும் ஒருங்கே நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய தொழில் தோன்றுவதற்கு முதலில் அதனை விலைக்கு வாங்கும் வாசகர் கூட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். இங்கிலாந்திலே 1855 இல் பத்திரிகை முத்திரை வரியும் 1861 இல் காகித வரியும் நீக்கப்பட்டன. சஞ்சிகைகள் பெருகின. 1860 இல் தொடங்கிய 'கோண்ஹில்' போன்ற மாதச் சஞ்சிகைகள் கதைகளுக்கு இடையிடையே அறிவுசார் கட்டுரைகளையும் பணம் கொடுத்து வாங்கி வெளியிட்டன. 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் இவ்வாசகர் தொகையை மேலும் விரிவாக்கியது. விஞ்ஞானத்தை அறிய விரும்பிய, ஆனால் அதனை முறையாகக் கற்கும் வாய்ப்பைப் பெறாத நடுத்தர வர்க்கத்தாரும் தேர்ந்த கைவினைஞரும் இக்கூட்டத்தின் பெரும்பகுதியினர். ஆயினும் சந்தை இருந்தமையால் மாத்திரம் ஒருவர் எழுத்தாளராகிவிடுவதில்லை. புரொக்ரரை அச்சந்தைக்குள் தள்ளியது ஒரு வங்கியின் வீழ்ச்சி.

இலண்டனைச் சேர்ந்த செல்சியில் சட்டத்தரணி ஒருவரின் மகனாக 1837 மார்ச் 23 இல் அவர் பிறந்தார். பதின்மூன்றாம் வயதிலே தந்தையை இழந்தார். சிறிது காலம் வங்கி எழுதுவினைஞராக வேலை செய்தபின், இலண்டன் மன்னர் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் புனித யோவான் கல்லூரியிலும் பயின்று, 1860 ஆம் ஆண்டுக் கணிதச் சிறப்புத் தேர்வில் இருபத்து மூன்றாம் இடத்தைப் பெற்றார். இவ்விடம் மதிப்பிற்குரியதெனினும் கல்லூரி ஆய்வாளர் பதவியைப் பெற்றுத் தருமளவிற்கு உயர்ந்ததன்று. மாணவராயிருந்த காலத்திலேயே திருமணமும் செய்துகொண்டிருந்தார். 1863 இல் அவருடைய மூத்த குழந்தை இறந்தது. அத்துயரத்திலிருந்து மனத்தைத் திருப்பும் பொருட்டே வானியலில் ஆழ்ந்து எழுதத் தொடங்கினார் என்பர். இரட்டை விண்மீன்களின் நிறங்களைப் பற்றி அவர் எழுதிய முதற் கட்டுரை 'கோண்ஹில்' சஞ்சிகையில் வெளிவந்தது. ஒன்பது பக்கங்களே கொண்ட அதனை எழுதி முடிக்க அவருக்கு ஆறு வாரங்கள் சென்றன. 1865 இல் சனிக் கிரகத்தைப் பற்றிய நூலொன்றைத் தமது சொந்தப் பணத்தில் அச்சிட்டார். விமரிசகர் பாராட்டினர், வாங்கியவர் சிலரே. அதுவரை இவையெல்லாம் வசதி படைத்த ஒருவரின் பொழுதுபோக்கு என்றே கொள்ளத்தக்கவை.

1866 இல் நியூசிலாந்து வங்கி ஒன்று முறிந்தது. புரொக்ரர் அதன் பங்குதாரருள் ஒருவர். பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்படாத அக்கால முறைமையின்படி, கைப்பொருளை இழந்ததோடன்றி ஏறத்தாழ 13,000 பவுண் கடனுக்கும் அவர் பொறுப்பாளியானார். ஆறு வாரத்தில் ஒன்பது பக்கம் எழுதியவர் இப்போது நாளாந்தம் எழுதியே உண்ண வேண்டிய நிலைக்கு வந்தார். உடலுழைப்பு வேலை ஏதேனும் கிடைத்திருப்பின் இதனை விட்டு அதற்கே சென்றிருப்பேன் என்றும், ஐந்து ஆண்டுகள் ஒருநாளேனும் ஓய்வு கொண்டதில்லை என்றும் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். விஞ்ஞானத்தைப் பரப்பும் இலட்சிய வேட்கையால் எழுதப் புகுந்தவர் என அவரைச் சித்திரிப்போர் இக்கூற்றினை மனங்கொள்ள வேண்டும்.

பதிப்பாளர்கள் அவரை வரவேற்கவில்லை. விண்மீன்கள் பற்றிய கைந்நூலை லோங்மன், மக்மிலன் ஆகிய இரு நிறுவனங்களுமே ஏற்க மறுத்தமையால் அதனைத் தாமே அச்சிட நேர்ந்தது. இராணுவக் கல்லூரிகளுக்குச் செல்லவிருந்த மாணவருக்குக் கணிதம் கற்பித்தார். அவ்வேலை அவருக்கு உவப்பானதாக இருக்கவில்லை. தொலைகாட்டியின் துணையுடன் வானத்தை நோக்குவோருக்காக 1868 இல் அவர் எழுதிய சிறு நூலுக்குக் கிடைத்த தொகை 25 பவுண். அந்நூல் காலப்போக்கில் இருபது பதிப்புக்களைக் கண்டது. இருபது பதிப்புக் கண்ட நூலுக்கு இருபத்தைந்து பவுண் என்னும் கணக்கு, உரிமையை ஒரே விலைக்கு விற்றுவிடும் எழுத்தாளரின் நிலையை விளக்கப் போதுமானது.

இந்த வறுமை அவருடைய எழுத்தை மாத்திரமன்றி அவருடைய ஆய்வின் தன்மையையும் தீர்மானித்தது. அவரிடம் பெருந் தொலைகாட்டியோ உதவியாளரோ இல்லை. எனவே பிறர் கண்டு பதிந்தவற்றை வீட்டு மேசையில் வைத்து ஒப்புநோக்கும் ஆய்வே அவருக்கு இயலக்கூடியதாயிற்று. டோஸ் என்னும் நோக்காளர் வரைந்த செவ்வாய்ப் படங்களைக் கொண்டு 1867 இல் அக்கிரகத்தின் தேசப்படம் ஒன்றை வரைந்தார். அதன் நிலப்பகுதிகளுக்கும் கடல்களென எண்ணப்பட்டவற்றிற்கும் வானியலாளர் பெயர்களைச் சூட்டியபோது, டோஸின் பெயரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியமை நகைப்பிற்கு இடமளித்தது. நன்றிக்கடனைத் தீர்ப்பதற்குச் செவ்வாய்க் கிரகம் முழுவதுமே அவருக்குப் போதவில்லை போலும்! பழைய படங்களையும் புதியனவற்றையும் ஒப்பிட்டு, அக்கிரகம் தன்னைத்தானே சுற்றும் காலம் 24 மணி 37 நிமிடம் 22.7 செக்கன் என அவர் கணித்தார். இன்றைய அளவீட்டிலிருந்து இது விலகுவது ஒரு செக்கனின் சிறு பின்னமே. 1871 இல் ஆர்கலாண்டரின் வடவான அட்டவணையிலுள்ள 324,198 விண்மீன்களையும் ஒரே படத்தில் தமது கையாலேயே குறித்தார். விண்மீன்கள் பால்வீதியை ஒட்டிச் செறிவதையும், நெபுலாக்கள் எனப்பட்ட ஒளித்திட்டுக்களிற் பெரும்பாலானவை அதனை விலகி நிற்பதையும் எடுத்துக்காட்டி, இவ்விருவகையும் ஒரே பேரமைப்பின் பகுதிகளே என வாதிட்டார். பிற்கால வானியல் அம்முடிவை ஏற்கவில்லை; நெபுலாக்களுட் பல வேறு அண்டங்களே என்பது 1920களிலே நிறுவப்பட்டது. ஆனால் பரம்பலை நோக்கி அமைப்பை உய்த்தறியும் அம்முறை பயனற்றதாகிவிடவில்லை. அரச வானியற் கழகத்தின் மாதாந்த வெளியீட்டில் அவர் எண்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார். அவற்றுக்கு ஒரு பென்சும் கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1870 இல் வெளிவந்த 'நமதல்லாத வேறு உலகங்கள்' என்னும் நூல் அவரைப் புகழ்பெறச் செய்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றோ இரண்டோ நூல்கள் வெளிவந்தவண்ணம் இருந்தன. புகழ் கிடைத்த இக்காலத்திலேதான் அவர் அரசாங்கச் சம்பளம் பெறும் விஞ்ஞானிகளோடு மோத நேர்ந்தது. இம்மோதல்கள் இரண்டினையும் சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமாகும்.

முதலாவது, 1874 டிசெம்பரில் வெள்ளிக் கிரகம் ஞாயிற்றின் முகப்பைக் கடக்கவிருந்தமை பற்றியது. ஞாயிற்றுக்கும் புவிக்குமிடையிலான தூரத்தை அளப்பதற்கு இத்தகைய கடப்புக்கள் அந்நாளில் அரிய வாய்ப்பாகக் கருதப்பட்டன. அளக்கும் முறைகள் இரண்டு. ஹலியின் முறையில், வடக்கும் தெற்குமாக மிக விலகியுள்ள இடங்களிலிருந்து கடப்பு நீடிக்கும் நேரத்தை அளந்து ஒப்பிடுவர். டெலில் முறையில், கடப்பின் தொடக்கத்தையோ முடிவையோ மாத்திரம் பல இடங்களிற் குறித்தால் போதும். ஆனால் அவ்விடங்களின் நெட்டாங்கு மிகத் துல்லியமாகத் தெரிந்திருத்தல் வேண்டும். அரச வானியலாளரான சேர் யோர்ச் எயரி, 1874 ஆம் ஆண்டுக் கடப்பிற்கு ஹலியின் முறை பயன்படாதெனக் கூறி, டெலில் முறையையே அடிப்படையாகக் கொண்டு திட்டம் வகுத்தார். 1869 இல் புரொக்ரர் அக்கணிப்பை மீளச் செய்து, தென் அரைக்கோளத்தின் குளிர்ந்த பகுதிகளில் நிலையங்களை அமைத்தால் ஹலியின் முறையும் நன்கு பயன்படும் எனக் காட்டினார்.

எயரி 1835 முதல் அப்பதவியை வகித்தவர். பிரித்தானிய வானியலில் அவரை எதிர்த்துப் பேசியோர் அரியர். புரொக்ரரோ கழக வெளியீட்டில் மாத்திரம் தம் வாதத்தை அடக்கிவிடவில்லை. தாம் எழுதிய பொதுச் சஞ்சிகைகளிலும் பத்திரிகைகளிலும் அதனை எடுத்துச் சென்றார். அரச பணத்தில் நடைபெறும் ஒரு பயணத் திட்டத்தின் கணக்கு சரியா பிழையா என்பதைப் பொதுமக்கள் அறிதல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இதனை எயரியின் கீழ்ப் பணிபுரிந்த உதவியாளர் ஒருவர் செய்திருக்க இயலாது. எயரியின் பரிந்துரையை எதிர்பார்த்திருந்த பல்கலைக்கழகத்தார் செய்திருக்கவும் மாட்டார். இழப்பதற்குப் பதவி ஏதுமில்லாத ஒருவரே செய்யத்தக்க காரியம் அது. அவர் கையாண்ட நடை கடுமையானது. சில இடங்களில் தேவைக்கு மேல் கடுமையானது என்றே நாம் கருதுகிறோம். 1872 இல் கழகத்தின் செயலாளராகி அதன் வெளியீட்டையும் பதிப்பித்த அவர் 1873 நவம்பரில் அப்பதவியிலிருந்து விலகினார். கடப்பினை நோக்கச் சென்ற குழுவினருக்கு இரு முறைகளுமே எதிர்பார்த்த துல்லியத்தைத் தரவில்லை. வெள்ளியின் வட்டம் ஞாயிற்றின் விளிம்பைத் தொடும் வேளையில் இரண்டுக்குமிடையே கரிய துளி போன்றதொரு தோற்றம் உண்டாகித் தொடுகையின் கணத்தைக் குறிக்கவொட்டாது தடுத்தது. கணக்கு வாதத்தில் வென்றவர் யார் என்ற கேள்வியை இயற்கை இவ்வாறு பொருளற்றதாக்கிற்று. எனினும் சம்பளம் பெறும் விஞ்ஞானியின் கணிப்பைச் சம்பளம் பெறாத எழுத்தாளன் பொது அரங்கிலே சோதிக்கலாம் என்பதற்கு அவ்வழக்கு ஒரு முன்னுதாரணமாயிற்று.

இரண்டாவது மோதல் இன்னும் ஆழமானது. ஆய்வுக்கு அரசு பணம் வழங்கல் வேண்டுமா என்பதே அதன் பொருள். சென்னைக் குதிரைப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, இந்தியப் பெரு முக்கோண அளவைப் பணியில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பிய கேணல் அலெக்சாந்தர் ஸ்ட்ரேஞ் என்பார், பௌதிக விஞ்ஞானத்தின் வளர்ச்சிக்கு அரசு பொறுப்பேற்றல் அவசியம் என 1868 இல் நோர்விச் நகரிலே கூடிய பிரித்தானியச் சங்கத்தின் முன் வாதிட்டார். அரசின் முழு ஆதரவோடு ஒரு துணைக்கண்டத்தையே அளந்த பணியில் ஈடுபட்டவர் இவ்வாறு எண்ணியது இயல்பே. யுத்தக் காரியாலய எழுதுவினைஞராயிருந்துகொண்டே ஞாயிற்றை ஆராய்ந்த நோமன் லொக்கியர் அவருக்குத் துணை நின்றார். 1869 நவம்பரில் 'நேச்சர்' வார இதழைத் தொடங்கியவரும், 1870 இல் அமைக்கப்பட்டு டெவன்சயர் பிரபுவின் தலைமையில் விஞ்ஞானக் கல்வியையும் ஆய்வு வளர்ச்சியையும் விசாரித்த அரச ஆணைக்குழுவின் செயலாளரும் அவரே. ஞாயிற்றின் பௌதிகத்தை ஆராய்வதற்கென அரச வானாய்வு நிலையம் ஒன்று வேண்டும் என்பது இவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. வானியற் கழகத்தின் ஆட்சிக்குழுவில் 1872 இல் இது பெரும் பிளவை உண்டாக்கியது.

புரொக்ரர் எதிரணியில் நின்றார். 1876 இல் விஞ்ஞானத் தொழிலாளரின் கூலியும் தேவைகளும் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆய்வுக்கென ஒதுக்கப்படும் பணம் ஆய்வைச் சென்றடையாது, பதவிகளைத் தேடுவோரைச் சென்றடையும். புதிய உண்மையைக் காண்பதைவிட மானியத்தைத் தக்கவைப்பதே அவர்களது முயற்சியாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். லொக்கியரின் மீது அவருக்கிருந்த தனிப்பட்ட கசப்பும் இவ்வாதத்தில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தம்மைப் போலவே பிறரும் எழுதியும் கற்பித்தும் உழைத்துண்டு, எஞ்சிய வேளையில் ஆராயலாம் என அவர் எண்ணினார். காகிதமும் பிறர் அட்டவணைகளும் போதுமான ஆய்வுக்கு இது பொருந்தலாம். நிறமாலைகாட்டியும் வருடக்கணக்கான தொடர் நோக்கல்களும் வேண்டும் ஆய்வுக்கு இது எவ்வாறு பொருந்தும்? இந்த இடத்தில் புரொக்ரரின் பார்வை தம் மேசையின் எல்லையைக் கடக்கவில்லை என்பதே நமது கருத்து. அவர் எதிர்த்த காரியம் நடந்தேறியது. 1870களின் இறுதியில் தென் கென்சிங்டனில் ஞாயிற்றுப் பௌதிக ஆய்வு அரச உதவியுடன் தொடங்கியது. விஞ்ஞானி சம்பளம் பெறும் தொழிலினராக மாறும் போக்கு அதன்பின் நிற்கவில்லை. அப்போக்கில் விஞ்ஞானி ஒரு பக்கமும், விஞ்ஞானத்தை எழுதுவோன் மறுபக்கமுமாகப் பிரிந்தனர். இரண்டையும் ஒருங்கே செய்த புரொக்ரர் போன்றோர்க்கு இடம் குறுகியது.

அவர் எச்சரித்த ஆபத்து முற்றிலும் கற்பனையன்று என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். ஆனால் பணம் கொடுப்பவனை நோக்கிப் பேசும் ஆபத்து அரச மானியம் பெறுபவனுக்கு மாத்திரம் உரியதா? வாசகரிடம் பணம் பெறும் எழுத்தாளனுக்கும் அது உண்டு. புரொக்ரர் இதனை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதை அவரது மிகப் பிரபலமான பொருளிலேயே காணலாம். பிற கிரகங்களில் உயிர்கள் வாழ்கின்றன என்று கேட்பதையே வாசகர் பெரிதும் விரும்பினர். 1870 ஆம் ஆண்டு நூல் அவ்விருப்பத்திற்கு இடமளித்தமையே அதன் வெற்றிக்கு ஒரு காரணம். ஆயின் 1875 இல் வெளியிட்ட நூலில் அவர் வேறொரு முடிவுக்கு வந்தார். கிரகம் ஒவ்வொன்றும் வெம்மையிலிருந்து குளிர்ந்து முதுமையடையும் நெடிய வாழ்நாளில், உயிர்கள் வாழத்தக்க பருவம் மிகக் குறுகியது. எனவே ஒரு குறித்த காலத்தில் நாம் காணும் கிரகங்களுள் மிகப்பல உயிரற்றவையாகவே இருத்தல் வேண்டும் என்றார். தமக்குச் சோறிட்ட கருத்தையே தாம் மறுத்தெழுதினார் என்பது அவர் நேர்மைக்குச் சான்றாகும். சந்தை எழுத்தாளனை முற்றாக விலைக்கு வாங்கிவிடும் என்று பொதுவாகக் கூறுவோர் இவ்வுதாரணத்தைக் கவனத்திற் கொள்ளல் நன்று.

சந்தை அவரிடமிருந்து வாங்கியது கருத்தையன்று, காலத்தை. ஒரே கட்டுரையைச் சஞ்சிகையில் ஒருமுறையும், கட்டுரைத் தொகுதியில் ஒருமுறையும், விரிவுரை மேடையில் பலமுறையும் பயன்படுத்தியே அவரால் பிழைக்க முடிந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1873 - 74 இலும் 1875 - 76 இலும், பின்னர் 1880 அளவில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் நகர் நகராகச் சென்று விரிவுரையாற்றினார். அவர் தலைப்புக்களின் பட்டியல் வானியலோடு நிற்கவில்லை. எகிப்தின் பெரிய பிரமிட், சூதாட்டமும் நிகழ்தகவும், சீட்டாட்டம், டிக்கன்ஸ் முடிக்காமல் விட்டுச் சென்ற நாவலின் மர்மம் என யாவும் அவர் எழுதுகோலுக்கு இரையாயின.

1881 நவம்பர் 4 இல் 'நொலிஜ்' என்னும் வார இதழைத் தொடங்கினார். எளிய சொல்லும் துல்லியமான விளக்கமும் கொண்ட படங்களுடனான விஞ்ஞான இதழ் என அதன் முகப்பே அறிவித்தது. விலை இரண்டு பென்ஸ். 'நேச்சர்' விஞ்ஞானிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இதழாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், பொது வாசகரின் கேள்விகளுக்கும் மறுப்புக்களுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கிய இதழ் இது. சதுரங்கப் பகுதியும் உண்டு. கிராண்ட் அலன், எட்வேட் குளொட் முதலிய எழுத்தாளர் அதில் எழுதினர். இவர்களுள் அலன், விஞ்ஞானம் எழுதி வாழ இயலாதெனக் கண்டு நாவல் எழுதத் தலைப்பட்டவர். பக்கங்களை நிரப்ப ஆள் போதாதபோது 'தோமஸ் பொஸ்ரர்' என்னும் புனைபெயரில் புரொக்ரரே எழுதினார். 'நேச்சர்' இதழ் பல்லாண்டுகள் நட்டத்தில் இயங்கியும் மக்மிலன் நிறுவனம் அதனைத் தாங்கிற்று. 'நொலிஜ்' இதழுக்குப் பின்னால் அத்தகைய தாங்கும் கை இருக்கவில்லை. 1885 இல் அது மாத இதழாக்கப்பட்டது.

முதல் மனைவி இறந்தபின் 1881 இல் அமெரிக்கப் பெண்ணொருவரை மணந்த புரொக்ரர், மிசூரி மாநிலத்துச் சென் ஜோசப் நகரிலும், 1887 முதல் புளோரிடாவிலும் வாழ்ந்தார். அங்கிருந்தே இதழை நடத்தினார். வாழ்நாளெல்லாம் சிதறலாக எழுதியவற்றை ஒழுங்குபடுத்தி, 'பழைய வானியலும் புதிய வானியலும்' என்னும் பெருநூலாக்கும் வேலையை இக்காலத்தில் மேற்கொண்டார். கட்டுரைக் கூலிக்காக அன்றி, தம் பெயர் நிற்பதற்காக அவர் எழுதிய நூல் இதுவே எனலாம். 1888 செப்டெம்பரில் இங்கிலாந்து செல்லும் பொருட்டு நியூயோர்க் வந்தடைந்தபோது காய்ச்சல் கண்டது. புளோரிடாவில் அப்போது மஞ்சட்காய்ச்சல் பரவியிருந்தமையால், அந்நோயெனக் கருதி அவரை விடுதியிலிருந்து தொற்றுநோய் மருத்துவமனைக்கு மாற்றினர். செப்டெம்பர் 12 இல் அங்கே காலமானார். நோய் மஞ்சட்காய்ச்சல்தானா என்பது பற்றிப் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது. வயது 51.

புரூக்ளின் நகரத்து இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்ட அவருக்கு 1893 இல் நினைவுக்கல் எழுப்பச் செலவிட்டவர், பிலடெல்பியாப் பத்திரிகை உரிமையாளரான யோர்ச் சைல்ட்ஸ் என்பவர். மகள் மேரி புரொக்ரர் தந்தையின் தொழிலையே மேற்கொண்டு, வானியலைப் பொதுமக்களுக்கும் சிறுவர்க்கும் எழுதியும் விரிவுரையாற்றியும் 1957 வரை வாழ்ந்தார். முடிவுறாது நின்ற பெருநூலின் எஞ்சிய பகுதிகளைக் கௌப்பர் ரன்யார்ட் என்னும் வானியலாளர் எழுதிச் சேர்த்து 1892 இல் முழுமையாக வெளியிட்டார். 'நொலிஜ்' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் அவரே ஏற்றார். அவ்விதழ் 1917 வரை வெளிவந்தது.